கூண்டுக் கிளிகளின் தோல் வறட்சியும் அரிப்பும்

பசு, எருமை, ஆடு, கோழி முதலிய பிராணிகளுக்கு நோய் கண்டால் இன்னது செய்யவேண்டும் என்பது குடியானவர்களுக்கு அனுபவத்தால் ஒருவாறு தெரியும். ஆனால் திண்ணையோரத்தில் தொங்கும் கூண்டிலுள்ள கிளிக்கு நோய் கண்டால் என்ன செய்வது என்று தெரிந்தவர் மிகச் சிலரே. பட்டணங்களில் மட்டுமின்றிக் கிராமங்களிலும் இக்காலத்தில் சிறு கிளிகளைக் கூண்டிலிட்டு வளர்ப்பது பெருகியிருப்பதால், அவற்றிற்கு அடிக்கடி உண்டாகும் ஒரு தொல்லையைப் பற்றி ஈண்டு விவரிக்கப்படுகிறது.

அத்தொல்லை தோல் வறட்சியும் அரிப்புமாகும். கிளி ஓயாமல் அலகினால் மார்பையும் இறக்கையின் அடியையும் கோதுகிறது; காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்துகொள்கிறது; கம்பியில் தலையைத் தேய்க்கிறது. கூண்டின் அடியில் வெள்ளைச் செதில்கள் தவிட்டைப்போல் உதிர்ந்து கிடக்கின்றன. இதைக் கண்ட வீட்டார் மனமிரங்கி, தேங்காயெண்ணெயையோ வேப்பெண்ணெயையோ எடுத்துப் பட்சியின் உடல் முழுவதும் தடவுகின்றனர். சிலர் மஞ்சளைக் குழைத்துப் பூசுகின்றனர். வேறு சிலர் மாட்டுக் கொட்டகையில் மீந்திருக்கும் உண்ணி மருந்தில் ஒரு சொட்டு வைக்கின்றனர். இரண்டொரு நாளில் கிளி உடலைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் மூலையில் ஒடுங்குகிறது, பிறகு இறந்துவிடுகிறது. “கிளிக்கு ஆயுள் அவ்வளவுதான்” என்று வீட்டார் குழந்தையைத் தேற்றுகின்றனர்.

உண்மை அதுவன்று. நன்கு பேணப்பட்டால் சிறு கிளிகள் 5 முதல் 10 வருஷமும், பெரிய கிளிகள் 20 வருஷத்திற்கு மேலும் உயிர் வாழக்கூடியவை. மேற்கூறிய கிளி அரிப்பினால் இறக்கவில்லை. அரிப்பிற்கென்று செய்த வைத்தியத்தினால் இறந்தது. ஆகவே எதைப் பூசுவது என்று தேடுவதற்கு முன், அரிப்பு எதனால் வந்தது என்று ஆராய்வதே முறையாகும்.

இன்ன கிளி என்று அறிதல்

வைத்தியத்திற்கு முன் கூண்டிலுள்ளது எந்த இனத்துக் கிளி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று ஜோடியாக விற்கப்படும் பச்சை, மஞ்சள், நீல நிறச் சிறு கிளி பெரும்பாலும் ஆஸ்திரேலிய தேசத்துப் பட்ஜரிகர் ஆகும். அதன் எடை 30 முதல் 40 கிராம். 1840-ஆம் வருஷத்தில் ஜான் கூல்ட் என்னும் பட்சி சாஸ்திரி இதனை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொண்டுசென்றார். அதன் பின்னர் உலகெங்கும் கூண்டுகளில் இனவிருத்தி செய்யப்பட்டு வருகிறது. தலையில் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் உடைய காக்கட்டீலும் அத்தேசத்ததே. இதன் எடை 80 முதல் 100 கிராம்வரை இருக்கும்.

கழுத்தில் இளஞ்சிவப்பு வளையமும் சிவந்த அலகும் நீண்ட வாலும் கொண்ட நம் நாட்டுப் பச்சைக்கிளியின் நிலைமை வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் அடைத்து வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும். இதனைக் கிராம அதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுதல் நலம். ஏனெனில், அறியாமையால் குற்றவாளியாகிறவர்களே அநேகர். பட்டுப்போன தென்னை, பனை மரங்களின் பொந்துகளில் இக்கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன. அம்மரங்களை வெட்டும்போது கீழே விழும் குஞ்சுகளே பெரும்பாலும் குடியானவர் வீட்டுக் கூண்டிற்கு வந்து சேருகின்றன. ஆதலால் மரத்தை வெட்டுமுன் பொந்தில் குஞ்சுகள் உள்ளனவா என்று பார்த்து, இருந்தால் அவை பறந்து செல்லும்வரை பொறுத்திருத்தல் உத்தமம். பொந்திலிருந்து தவறி விழுந்த குஞ்சைத் திரும்பப் பொந்திலேயே வைத்துவிடலாம். மனிதர் கை பட்டதனால் தாய்ப்பட்சி குஞ்சைத் தள்ளிவிடும் என்பது பொய்க்கொள்கை.

ஏற்கெனவே பச்சைக்கிளியை வளர்த்துவருவோர், சட்டத்திற்குப் பயந்து கூண்டைத் திறந்து விரட்டிவிடுவதும் தகாது. இறக்கை வெட்டப்பட்டதும், இரை தேடப் பழகாததுமான கிளி, காக்கைக்கும் பூனைக்கும் இரையாகிவிடும். அதனை அருகிலுள்ள வனத்துறையாரிடம் ஒப்படைப்பதே முறை. அயல்நாட்டுக் கிளிகளிலும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற பலவற்றை 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். இனிக் கூறப்படும் முறைகள் முக்கியமாகப் பட்ஜரிகர், காக்கட்டீல் என்னும் இரண்டையும் குறித்தவையாகும்.

தோலின் தன்மையும் எண்ணெயின் தீமையும்

பட்சியின் தோல் நம் தோலைப் போன்றதன்று. அது வெங்காயச் சருகைப்போல் மிக மெல்லியது. அதில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாலின் அடியில் மேற்புறமாக ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. கிளி அதனை அலகினால் தொட்டு இறகுகளில் பூசிக்கொள்கிறது. அன்றியும் தோலே நுண்ணிய கொழுப்பைச் சுரந்து தன்னை மென்மையாக வைத்துக்கொள்கிறது. ஆகவே தேவையான எண்ணெய் பட்சியினிடத்திலேயே உண்டாகிறது, புறத்திலிருந்து தரவேண்டுவதில்லை.

இறகுகள் ஒன்றோடொன்று கொக்கிகளால் பிணைந்து, கூரை வேய்ந்தாற்போல் உடலை மூடியிருக்கின்றன. அவற்றின் அடியில் அடங்கிய காற்றே உடலின் உஷ்ணத்தைக் காக்கிறது. கிளியின் சாதாரண உடல் உஷ்ணம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். எண்ணெய் பட்டவுடன் இறகுகள் ஒட்டிக்கொள்கின்றன. அடங்கியிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. இரவிலோ மழைநாளிலோ பட்சி விறைத்துப்போகிறது. பூசியதைக் கிளி அலகினால் கோதிக் கோதி விழுங்குவதால், தோலுக்கு இட்டது வயிற்றிற்கும் சென்றுவிடுகிறது. வேப்பெண்ணெய், கற்பூரத் தைலம், மண்ணெண்ணெய் முதலியவற்றின் கேட்டை இதனால் ஊகித்துக்கொள்ளலாம். மனிதருக்குத் தோல் வியாதிக்காகக் கொடுக்கும் களிம்புகளையும் தடவலாகாது. அவற்றிற் பலவற்றில் உள்ள ஸ்டீராய்டு என்னும் மருந்து பட்சியின் மெல்லிய தோல் வழியே உடலிற் புகுந்து, நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும்.

நோயல்லாத அரிப்பு

கிளிகள் காலந்தோறும் பழைய இறகுகளை உதிர்த்துப் புதிய இறகுகளைப் பெறுகின்றன. புதிய இறகு, முளைக்கும் நாற்றைப்போல் ஒரு வெள்ளை உறைக்குள் சுருண்டு தோலைத் துளைத்து வருகிறது. அவ்வுறை காய்ந்து உதிரும்போது அரிப்பு உண்டாகும். உறையின் துகள்களே வெள்ளைச் செதில்களாகக் கீழே விழுகின்றன. தலையிலும் கழுத்திலும் முட்களைப்போன்ற சிறு குருத்துகள் தென்படுமாயின், அது இறகுதிர் காலம் என்று அறியலாம். காக்கட்டீலின் உடலிலிருந்து எப்போதும் மெல்லிய வெண்பொடி உதிர்வதும் இயற்கையே. இவற்றிற்கு மருந்து வேண்டுவதில்லை. நல்ல ஆகாரமும், நீராட்டும், தொந்தரவின்மையும் போதும்.

ஆனால் புதிய இறகுகள் முளைக்காமல் தோல் வெறுமையாகத் தெரிந்தாலும், தோல் சிவந்து வெடித்தாலும், இரத்தம் கண்டாலும் அது நோயின் குறி. அப்பொழுது கவனிக்கவேண்டிய முதல் இடம் கிளியின் தலையாகும். கிளி தன் அலகினால் உடலின் மற்றப் பாகங்களை எட்டும். தன் தலையை எட்டமாட்டாது. ஆகையால் மார்பும் முதுகும் மொட்டையாகி, தலையிறகு மட்டும் ஒழுங்காக இருந்தால், கிளி தானே இறகைப் பிடுங்கிக்கொள்கிறது என்பது தெளிவு. தலையிலும் இறகு இல்லையென்றால், உடனிருக்கும் வேறொரு கிளி கொத்துகிறது, அல்லது இறகின் வேரையே தாக்கும் நோய் ஏதோ உண்டு என்று கொள்ளவேண்டும். இந்த ஒரு பரீட்சையினால் பாதி ஐயம் நீங்கும்.

நீராட்டு

வறட்சிக்கு முதற் சிகிச்சை ஜலமே. காட்டில் வாழும் கிளிகள் மழையிலும் பனித்துளி நிறைந்த இலைகளிலும் உடலை நனைத்துக்கொள்கின்றன. கூண்டுக் கிளிக்கு அந்த வசதியில்லை. மாசி, பங்குனி மாதங்களில் கோயமுத்தூர், சேலம் முதலிய உள்நாட்டு ஜில்லாக்களில் காற்று மிக வறண்டிருக்கும். மின்விசிறியின் கீழும், குளிர்சாதனம் இயங்கும் அறையிலும் தொங்கும் கூண்டில் வறட்சி இன்னும் அதிகம். அத்தகைய இடங்களில் நீராட்டு ஒன்றினாலேயே அரிப்புத் தணிவதுண்டு. நாகப்பட்டினம் போன்ற கடற்கரைப் பிரதேசங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், அங்குள்ள கிளிக்கு வறட்சி கண்டால் பெரும்பாலும் ஆகாரக் குறைவையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நீராட்டும் முறை எளிது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஜலம் நிற்கும் அகன்ற மண் தட்டைக் கூண்டிற்குள் வைத்தால் கிளி தானே இறங்கிக் குளிக்கும். தட்டிற்கு அஞ்சும் கிளிக்குக் கொத்தமல்லித் தழையையோ கீரையையோ கழுவி ஈரத்துடன் கட்டித் தொங்கவிடலாம். பட்ஜரிகர் அதிலே உடலைத் தேய்த்து நனைத்துக்கொள்வதைக் காணலாம். இல்லையேல் புதிய தெளிப்புக் குப்பியில் சுத்தமான ஜலத்தை நிரப்பி, மேலிருந்து தூறல் விழுவதுபோல் தெளிக்கலாம். முகத்தை நோக்கிப் பீச்சியடித்தல் கூடாது. பூச்சிமருந்து தெளித்த கருவியை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு உபயோகித்தலாகாது.

வாரத்திற்கு மூன்று முறையும், கோடையில் தினந்தோறும் இதனைச் செய்யலாம். காலை வேளையே ஏற்றது. பொழுது சாய்வதற்குள் இறகுகள் நன்கு உலர்ந்துவிட வேண்டும். மழை, பனி நாட்களிலும், கிளி உடலைச் சிலிர்த்துச் சோர்ந்திருக்கும்போதும் நீராட்டலாகாது. ஜலத்துடன் சோப்பு, மஞ்சள், எண்ணெய் எதையும் கலக்கவேண்டாம். குளித்த தட்டை உடனே அகற்றிக் கழுவவேண்டும். இல்லையேல் எச்சம் விழுந்த அந்த ஜலத்தையே கிளி குடிக்கும்.

இளங்காலை வெயில் அரைமணி நேரம் படும்படி கூண்டை வைத்தலும் நன்று. கூண்டின் ஒரு பாதி நிழலில் இருக்கவேண்டும். கண்ணாடிச் சன்னலின் வழியே வரும் வெயிலில் ஜீவசத்து ‘டி’ உண்டாவதற்குரிய கிரணங்கள் தடைபட்டுவிடுவதால், அதனால் அத்துணைப் பயனில்லை.

ஆகாரம்

நீராட்டியும் குணம் காணாவிடின் அடுத்து நோக்கவேண்டியது தீனிக் கிண்ணம். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே வருஷக்கணக்காகத் தின்றுவரும் கிளிக்குத் தோல் வறள்வதில் வியப்பில்லை. தானியங்களில் மாவுச்சத்தும், எண்ணெய் வித்துக்களில் கொழுப்பும் மிகுதி. ஆனால் ஜீவசத்து ‘ஏ’யும் சுண்ணாம்புச் சத்தும் மிகவும் குறைவு. நெல்லுக்குத் தழையுரம் மட்டும் இட்டு மற்றச் சத்துக்களை மறந்தால் பயிர் எவ்வாறு நோய்க்கு இடங்கொடுக்குமோ, அவ்வாறே இதுவும். ஜீவசத்து ‘ஏ’ குறையும்போது தோல் தடித்துச் செதிலாகிறது. பாதத்தின் அடிப்புறம் வழவழப்பாகி வெடிக்கிறது. மூக்குத் துவாரம் அடைபடுகிறது. வாயினுள் வெண்திட்டுக்கள் தோன்றுகின்றன.

இதற்குரிய பரிகாரம் குடியானவரின் கொல்லையிலேயே இருக்கிறது. முருங்கைக்கீரை, காரட், மஞ்சட் பூசணி, பழுத்த பப்பாளி, சிவந்த மிளகாய் ஆகியவற்றில் உடலில் ஜீவசத்து ‘ஏ’யாக மாறக்கூடிய பொருள் நிறைந்துள்ளது. மிளகாய் காரமாயிற்றே என்று அஞ்சவேண்டாம். மிளகாயின் காரத்தைப் பட்சிகள் உணர்வதில்லை. முளைகட்டிய பச்சைப்பயறும், வாரம் ஒருமுறை சிறிதளவு வேகவைத்த முட்டையும் இறகு வளர்வதற்கு வேண்டிய புரதத்தைத் தரும். தினை, சாமை, கம்பு ஆகியவற்றைக் கலந்து கொடுப்பது ஒரே தானியத்தைக் கொடுப்பதினும் மேலானது. ஒரு பட்ஜரிகருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி தானியம் போதும். சூரியகாந்தி விதையைத் தினசரி உணவாக அல்லாமல் எப்போதாவது கொடுக்கும் தின்பண்டமாகக் கருதவேண்டும். சுண்ணாம்புச் சத்திற்குக் கடல்நுரை என்னும் கணவாய் ஓட்டைக் கம்பியில் செருகிவைத்தல் போதும்.

தானியத்திற்குப் பழகிய கிளி கீரையை முதலில் தொடாது. அதற்காகத் தானியத்தை முற்றிலும் நிறுத்திப் பட்டினியிடுதல் ஆபத்து. சிறு கிளி ஒரு நாள் பட்டினியையும் தாங்காது. காலையில் தானியம் வைப்பதற்கு முன் பொடியாக நறுக்கிய கீரையையும் காரட்டையும் வைத்து, ஓரிரு மணி நேரம் கழித்துத் தானியத்தை வைக்கலாம். இவ்வாறு சில வாரங்கள் பொறுமையுடன் பழக்கினால் உண்ணத் தொடங்கும். இறகு திருந்துவதற்கு அடுத்த இறகுதிர் காலம்வரை காத்திருக்க நேரலாம். ஒரு வாரத்தில் பலனை எதிர்பார்த்தல் தவறு.

பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக் கீரை, பூஞ்சை பிடித்த நிலக்கடலை, உப்பிட்ட பண்டம், சாக்கலேட்டு, காப்பி, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றைக் கொடுத்தலாகாது. கடையில் விற்கும் ஜீவசத்துச் சொட்டு மருந்துகளையும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கவேண்டாம். ‘ஏ’, ‘டி’ என்னும் இவ்விரண்டும் அளவு மிஞ்சினால் உடலில் தங்கி நஞ்சாகும்.

செள்ளும் சொறிப்பூச்சியும்

அரிப்பென்றால் உடனே செள்ளையே நினைப்பது வழக்கம். ஆயினும் தனியே வீட்டிற்குள் வளரும் கிளிக்குச் செள் பிடிப்பது அவ்வளவு சாதாரணமன்று. கோழிக்கூட்டின் அருகே கூண்டு தொங்குமாயின் சந்தேகிக்கலாம். கோழிகளைத் தாக்கும் செஞ்செள், பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் வெளிப்பட்டு இரத்தத்தை உறிஞ்சும். இரவில் கூண்டின்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, விடியுமுன் விளக்கொளியில் துணியின் உட்புறத்தைப் பார்த்தால் சிவந்த புள்ளிகள் ஊர்வது தெரியும். அவ்வாறு கண்டால் கிளியை வேறு கூண்டிற்கு மாற்றி, பழைய கூண்டைக் கொதிக்கும் வெந்நீரால் கழுவி வெயிலில் உலர்த்தி, மரக் குச்சிகளையும் குஞ்சுப் பெட்டியையும் கொளுத்திவிட வேண்டும். கோழிக்கூட்டையும் அன்றே சுத்தம் செய்யாவிடின் இது பயன்படாது.

பட்ஜரிகருக்கு உரிய வேறொரு பூச்சி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி. தோலைத் துளைத்து உள்ளே வாழ்வது. அலகின் ஓரத்திலும், கண்ணைச் சுற்றியும், கால்களிலும் தேன்கூட்டைப்போல் சிறு துளைகளுள்ள சாம்பல் நிறப் பொருக்கு ஏற்படுவதே இதன் அடையாளம். கவனியாமல் விட்டால் அலகு கோணி, பட்சி உண்ணமாட்டாமல் போகும். இது தக்க மருந்தினால் முற்றிலும் குணப்படக்கூடியது.

அந்த மருந்து ஐவர்மெக்டின். மாட்டின் உண்ணிக்கும் சொறிக்கும் போடும் அதே மருந்துதான். இங்கேதான் பெரும் ஆபத்து இருக்கிறது. மாட்டிற்கு உபயோகிக்கும் நூற்றுக்கு ஒரு பங்கு வீரியமுள்ள ஊசிமருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து உண்டு. 200 கிலோ எடையுள்ள மாட்டிற்கு அதில் 4 மில்லிலிட்டர் செலுத்தப்படுகிறது. அதே விகிதத்தில் 35 கிராம் எடையுள்ள பட்ஜரிகருக்கு வேண்டியது 0.007 மில்லிகிராம், அதாவது அம்மருந்தில் 0.0007 மில்லிலிட்டர். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் ஆகும். எனவே குப்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டு வைத்தாலும், அது வேண்டிய அளவைப்போல் சுமார் 70 மடங்காகிறது. மாட்டிற்கு 70 மடங்கு மருந்தை ஒருவரும் செலுத்தத் துணியமாட்டார். கிளிக்கு அறியாமல் செலுத்திவிடுகின்றனர். கால்நடை வைத்தியர் பட்சியை நிறுத்து, மருந்தைத் தக்கவாறு நீர்க்கச் செய்து, உரிய இடைவெளியில் கொடுப்பார். கொட்டகைக் குப்பியைக் கிளிக்கூண்டின் அருகே கொண்டுவரவே வேண்டாம். அந்துருண்டையைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுவதும் இவ்வாறே தீங்கு பயக்கும்.

புகையும் கம்பியும்

பட்சிகளின் சுவாச உறுப்புகள் நுரையீரலோடு நில்லாமல் காற்றுப்பைகளாக உடலெங்கும் பரவியிருப்பதால், புகையும் நச்சுக்காற்றும் அவற்றை மனிதரினும் விரைவில் தாக்குகின்றன. அடுப்படிப் புகை, கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்தி, பீடி, சுருட்டு ஆகியவற்றின் புகை தோலிலும் இறகிலும் படிந்து அரிப்பையும் உண்டாக்கும். ஒட்டாத பூச்சுள்ள சமையற் பாத்திரம் வெறுமையாக அடுப்பில் அதிகம் காய்ந்தால் அதிலிருந்து எழும் ஆவி, அருகிலுள்ள கிளியைச் சில நிமிஷங்களில் கொன்றுவிடக்கூடும். ஆதலால் கூண்டைச் சமையலறையிலும் பூஜையறையிலும் தொங்கவிடலாகாது.

துத்தநாகம் பூசிய புதுக் கம்பிவலையினால் செய்த கூண்டும் கவனிக்கத்தக்கது. கிளி கம்பியைக் கடித்துக் கடித்துத் துத்தநாகத்தை விழுங்கினால் உடலில் நஞ்சேறும். இறகைப் பிடுங்கிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். துருப்பிடியாத எஃகுக் கூண்டே சிறந்தது. அது இயலாதவர் புதுக்கம்பியைக் காடி கொண்டு தேய்த்து, பொருக்குகளை அகற்றி, நன்கு கழுவிய பின் உபயோகித்தல் வேண்டும்.

தனிமையினால் வரும் கேடு

ஆகாரம், நீர், காற்று எல்லாம் செம்மையாயிருந்தும் கிளி தன் மார்பைத் தானே மொட்டையடித்துக்கொள்ளுமாயின், அதன் மனநிலையை நோக்கவேண்டும். கிளி கூட்டமாக வாழும் ஜாதி. நாள் முழுவதும் பறந்து, இரை தேடி, மரப்பட்டையைக் கடித்து, துணையோடு கூவிப் பொழுதுபோக்குவது. அதனை ஒரு சாண் கூண்டில் தனியே வைத்து, தீனியையும் கிண்ணத்தில் கொட்டிவிட்டால் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. எஞ்சியிருப்பது தன் இறகு ஒன்றே. முதலில் அரிப்பினால் தொடங்கிய கோதல், பின்னர் அரிப்பு நீங்கியும் வழக்கமாக நிலைத்துவிடுவதுண்டு. நாட்பட்டால் வேர் கெட்டு இறகு மீண்டும் முளைப்பதேயில்லை.

ஆகையால் கூண்டு, இறக்கைகளை முழுவதும் விரித்து இங்குமங்கும் பறக்கத்தக்க நீளமுடையதாக இருத்தல் வேண்டும். ஒரே பருமனுள்ள வழவழப்பான கழிக்குப் பதிலாகக் கொய்யா, வேம்பு இவற்றின் பட்டையுள்ள கிளைகளை வெட்டிக் கழுவி வைத்தால் கிளி பட்டையை உரித்துப் பொழுதுபோக்கும். தினைக்கதிரை உதிர்க்காமல் கதிராகவே கட்டித் தொங்கவிட்டால் உழைத்து உண்ணும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே இரவு முழுதும் விழித்திருக்கும் கிளிக்கு எந்த மருந்தும் பலிக்காது. இறகைப் பிடுங்கும்போது அதட்டுவதும் கூண்டைத் தட்டுவதும் பட்சியின் கலக்கத்தை அதிகப்படுத்துமேயன்றி வேறு பயனளிக்கா.

வைத்தியரிடம் செல்லவேண்டிய தருணம்

பின்வரும் குறிகளில் ஒன்று தோன்றினாலும் வீட்டு முறைகளில் காலங்கழிக்காமல் அன்றே கால்நடை மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்: இரத்தம் கசிதல், உடலைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருத்தல், தீனி எடாமை, ஒவ்வொரு மூச்சிற்கும் வால் ஏறி இறங்குதல், அலகின்மேல் பொருக்கு, புதிய இறகுகள் முறுக்கியும் நசுங்கியும் முளைத்தல். கடைசியாகக் கூறியது, அலகையும் இறகையும் தாக்கும் ஒருவகை வைரஸ் நோயின் அடையாளமாக இருக்கலாம். அது பிற கிளிகளுக்கு விரைந்து பரவக்கூடியது. அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. இதனை முன்னிட்டே, சந்தையில் புதிதாக வாங்கிய கிளியைக் குறைந்தது 30 நாள் தனியறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும் என்பது.

வைத்தியரிடம் செல்லும்போது, காற்றோட்டத்திற்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் கிளியை வைத்து எடுத்துச் செல்லலாம். அன்றைய எச்சம் விழுந்த காகிதத்தையும், தினமும் கொடுக்கும் தீனியின் விவரத்தையும், அதுவரை பூசிய மருந்தின் பெயரையும் மறைக்காமல் தெரிவித்தல் வேண்டும். ஏற்கெனவே எண்ணெய் தடவிவிட்டவர், அதைத் துடைக்க மேன்மேலும் சோப்பிட்டு முயலாமல், பட்சியைக் காற்றுப் படாத வெதுவெதுப்பான இடத்தில் வைத்து உடனே கொண்டுசெல்வது நலம்.

வளர்ப்போரின் உடல்நலத்தையும் மறக்கலாகாது. கிளிகளின் எச்சத்தூளின் மூலம் கிளிக்காய்ச்சல் என்னும் நோய் மனிதருக்குத் தொற்றுவதுண்டு. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்பாமல், ஜலம் தெளித்து நனைத்த பின்பு அகற்றவேண்டும். பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். கிளி வளர்க்கும் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் நீடித்தால், வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுதல் அவசியம். அந்நோய் உரிய மருந்தினால் தீரக்கூடியது. ஆனால் சொல்லாவிடில் கண்டுபிடிப்பது கடினம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைச் சுருக்கிக் கூறின்: அரிப்பைக் கண்டவுடன் எண்ணெயை எடுக்கவேண்டாம். இறகுதிர் காலமா என்று பார்க்கவும், தலையிறகை நோக்கவும், தூறல்போல் ஜலம் தெளிக்கவும், தீனிக் கிண்ணத்தில் கீரையும் காரட்டும் சேர்க்கவும், கூண்டைப் புகையிலிருந்து விலக்கவும், கடிக்கக் கிளையும் உறங்க இருளும் அளிக்கவும், பொருக்கோ இரத்தமோ கண்டால் வைத்தியரை நாடவும். இவற்றிற் பெரும்பாலானவற்றிற்குக் காசு செலவில்லை. கூண்டிலடைத்த உயிருக்குத் தன் நீரையும் இரையையும் தானே தேடிக்கொள்ளும் சுதந்தரம் இல்லை. ஆதலின் அதன் பொறுப்பு முழுவதும் அடைத்தவரைச் சார்ந்தது. அப்பொறுப்பை ஏற்க இயலாதவர், வயலோரத்து மரங்களில் தாமே வந்து அமரும் கிளிகளைக் கண்டு மகிழ்வதே அவருக்கும் கிளிக்கும் க்ஷேமமாகும்.